அரை விநாடியில் சிக்கிய சதி... பழைய சர்வரை மாற்றுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை?

2024 மார்ச் மாதம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தன் கணினியில் டேட்டாபேஸ் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் அவர், போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். லினக்ஸ் கணினிக்குள் தொலைவிலிருந்து லாகின் செய்ய வழக்கமாக 0.3 விநாடி ஆகும். அன்று 0.8 விநாடி ஆனது. அரை விநாடி கூடுதல்!

வேறு யாராக இருந்தாலும் ‘நெட் ஸ்லோ’ என்று விட்டிருப்பார்கள். ஃப்ராய்ண்ட் விடவில்லை. எங்கே அந்த அரை விநாடி போகிறது என்று தோண்டத் தொடங்கினார். கடைசியில் வந்து நின்ற இடம், ‘எக்ஸ்இசட்’ என்ற சின்ன பேக்கேஜ். ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் சாதாரண கருவி அது. அதன் புதிய அப்டேட்டுக்குள் யாரோ ஒரு ரகசியக் கதவை வைத்திருந்தார்கள். சாவி வைத்திருப்பவர், அந்த அப்டேட் போட்ட சர்வருக்குள் பாஸ்வேர்டு இல்லாமலேயே நுழைந்து எதையும் செய்யலாம்.

மார்ச் 29, புனித வெள்ளி அன்று ஃப்ராய்ண்ட் இதைப் பொதுவெளியில் அறிவித்தார். உலகம் முழுக்க சர்வர்களைப் பராமரிக்கும் அட்மின்களின் ஈஸ்டர் விடுமுறை அத்தோடு முடிந்தது.

கதவை வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மென்பொருளுக்கு உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் கையில் வாங்கியவர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது வெளியுலகுக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு பெரிய சதி நடந்தும் உலகின் சர்வர்கள் ஏன் கவிழவில்லை? காரணம், அந்த அப்டேட் அப்போது இருந்த இடம்!

பொம்மைகளை உடைக்கும் பையன்

லினக்ஸில் எந்த மென்பொருளும் ‘பேக்கேஜ்’ என்ற பொட்டலமாகத்தான் வரும். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான பொட்டலங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதுகிறார்கள். அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்த்து, ஒரே தொகுப்பாகக் கொடுப்பவை டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்ற அமைப்புகள்.

1993-ல் தொடங்கிய டெபியனில் ஒரு பேக்கேஜ் மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். புதிதாக வருவது முதலில் ‘சித்’ என்ற பகுதிக்குள் போகும். ‘டாய் ஸ்டோரி’ படம் பார்த்த குழந்தைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பொம்மைகளை உடைத்துப் போடும் பக்கத்து வீட்டுப் பையன்! டெபியனின் பதிப்புகள் எல்லாவற்றுக்குமே அந்தப் படத்தின் பாத்திரங்கள்தான் பெயர். சித் பகுதியில் சில நாள்கள் பெரிய குறை எதுவும் தெரியாமல் தாக்குப்பிடித்தால், அடுத்து ‘டெஸ்டிங்’. அங்கே பல மாதங்கள் பழகிய பிறகு எல்லாம் சேர்ந்து ‘ஸ்டேபிள்’ என்ற நிலையான பதிப்பாக வெளிவரும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை.

சர்வர்களில் ஓடுவது பெரும்பாலும் இந்த ஸ்டேபிள்தான். ஃப்ராய்ண்டின் கணினியில் இருந்ததோ சித். எக்ஸ்இசட்டின் கெட்ட அப்டேட் சோதனைப் படிகளில் நின்றுகொண்டிருந்தபோதே அகப்பட்டுக்கொண்டது. டெபியனின் ஸ்டேபிள் பதிப்புக்குள் அது நுழையவே இல்லை. உபுண்டு தன் 24.04 பதிப்பின் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பேக்கேஜ்களை மறுபடி உருவாக்கியது.

சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். அங்கே வடிகட்டப்படுவது இங்கேயும் பயன் தருகிறது.

போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து

‘அப்படியானால் அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமே’ என்று தோன்றும். அப்படி இருந்தவர்களின் கதையும் இருக்கிறது.

அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாற்றைச் சேமித்து வைக்கும் நிறுவனம் ஈக்விஃபேக்ஸ். அது பயன்படுத்திய ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்து, 2017 மார்ச் 7-ம் தேதியே அதை அடைக்கும் அப்டேட் வந்துவிட்டது. இலவச அப்டேட். ஆனால், ஒரு சர்வரில் அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். மே மாத மத்தியில் திருடர்கள் அந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள். ஜூலை கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

இதற்கு நேர்எதிர் அனுபவம் 2024 ஜூலை 19. அன்று நம் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது நினைவிருக்கிறதா? அது விண்டோஸ் கணினிகளைத் தாக்கிய பிரச்னை என்றாலும், பாடம் எல்லோருக்கும் பொது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. இனி அப்டேட்டுகளைச் சிலருக்கு முதலில், பிறகு மற்றவர்களுக்கு என்று படிப்படியாக அனுப்புவோம் என அந்த நிறுவனமே பின்னர் அறிவித்தது.

மருந்தைச் சாப்பிடாமலும் இருக்க முடியாது, சோதிக்காத மருந்தை ஊருக்கே கொடுக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் ‘டெஸ்டிங்’.

எந்தப் பானையின் சோறு?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அட்மின்கள் செய்வதும் அதுதான். உண்மையான சர்வரைப் போலவே இன்னொன்றை உருவாக்கி, அப்டேட்டை முதலில் அங்கே போட்டுப் பார்ப்பார்கள். ‘ஸ்டேஜிங்’ என்று அதற்குப் பெயர். ஆனால், பதம் பார்க்கும் சோறு அதே பானையில் இருந்து வர வேண்டும். சோதனை சர்வரில் ஒரு பதிப்பு, உண்மையான சர்வரில் வேறு பதிப்பு என்றிருந்தால், பக்கத்து வீட்டுச் சோற்றைத் தொட்டுப் பார்த்து நம் வீட்டு அடுப்பை அணைத்த கதைதான்.

அங்கே சரியாக ஓடினால், அடுத்து சில சர்வர்களில் மட்டும் போடுவார்கள். இவற்றைக் ‘கேனரி’ என்று செல்லமாக அழைப்பதுண்டு. விஷவாயு கசிவதை முன்கூட்டியே அறிய, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் கூடவே கொண்டுபோன சின்னப் பறவையின் பெயர் அது. கேனரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவற்றுக்கு அப்டேட்.

இதில் புதியவர்கள் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. அப்டேட் போட்டதும் புதிய ஃபைல் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள், மெமரியில் உள்ள பழைய ஓட்டைப் பதிப்பையேதான் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். கெர்னல் என்ற மையப் பகுதி மாறியிருந்தால், பொதுவாக சர்வரையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ‘எங்கள் சர்வர் மூன்று வருஷமாக அணையவே இல்லை’ என்று யாராவது பெருமைப்பட்டால், அநேகமாக மூன்று வருஷமாக கெர்னல் அப்டேட் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அணைத்தால் மறுபடி எழுமா என்பதையும் மூன்று வருஷமாக யாரும் பார்க்கவில்லை!

‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட் போடாதே’ என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். ஏதாவது உடைந்தால் சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும்.

வாக்கு தவறிய ஆண்டு

அப்டேட்டுகளை ஒழுங்காகப் போட்டுவந்தாலும் ஒரு நாள் அவை வருவதே நின்றுவிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்தால் வேறு பதிப்புக்குக் குடிபெயர வேண்டியதுதான்.

இதில் உலகத்தையே அலைக்கழித்தது ‘சென்ட்ஓஎஸ்’. ரெட் ஹேட் நிறுவனம் பராமரிப்புக்குக் கட்டணம் வாங்கும் லினக்ஸின் மூல நிரல் வெளிப்படையானது. அதை எடுத்து, அதே போன்ற ஒன்றை இலவசமாகக் கொடுக்க 2004-ல் தன்னார்வலர்கள் தொடங்கியது சென்ட்ஓஎஸ். இணையதளங்களை நடத்தும் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள் என்று பலரும் அதை நம்பினார்கள். 2014-ல் அந்தத் திட்டம் ரெட் ஹேட்டின் குடையின் கீழ் வந்தது.

2019 செப்டம்பரில் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை பராமரிக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிக்கிறோம்! ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரே அறிவிப்பில் காணாமல் போயின. இதில் பெரிய வேடிக்கை, பழைய சென்ட்ஓஎஸ் 7-லேயே இருந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை அவகாசம் இருந்தது. சமர்த்தாக முன்கூட்டியே 8-க்கு மாறியவர்கள்தான் முதலில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர், சும்மா இருக்கவில்லை. உடனே ‘ராக்கி லினக்ஸ்’ என்ற மாற்றை அறிவித்தார். அந்தப் பெயர், சென்ட்ஓஎஸ்ஸை அவரோடு சேர்ந்து தொடங்கி, பிறகு மறைந்துபோன ராக்கி மெக்காவின் நினைவாக வைக்கப்பட்டது. ‘அல்மா லினக்ஸ்’ என்ற இன்னொரு மாற்றும் 2021 மார்ச்சில் வந்தது. ஸ்பானிய மொழியில் அல்மா என்றால் ஆன்மா. ஹிக்ஸ் போசான் துகளைக் கண்டுபிடித்த செர்ன் ஆய்வகம் பின்னர் தேர்ந்தெடுத்தது அல்மாவைத்தான்.

வீடு மாறுவது போலத்தான்!

பழைய சர்வரில் இருந்து புதியதற்கு மாறுவதும் வாடகை வீடு மாறுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டிலும் பீரோவும் கண்ணுக்குத் தெரியும். பரணில் கிடப்பதுதான் சிக்கல்!

முதல் வேலை, பட்டியல் போடுவது. அந்த சர்வரில் என்னென்ன ஓடுகிறது? யார் யார் அதோடு பேசுகிறார்கள்? மாதக் கடைசியில் மட்டும் ஓடிச் சம்பளக் கணக்கை அனுப்பும் நிரல் ஒன்றை, வேலையை விட்டுப் போன யாரோ என்றோ எழுதி வைத்திருக்கலாம். 12-ம் தேதி குடிபெயர்ந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். 30-ம் தேதிதான் குட்டு உடையும்.

இரண்டாவது, பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, அதில் இருந்து மீட்டும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், களைத்துப்போன ராத்திரி வேளையில், தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி! அவசரமாக பேக்கப்பைத் தேடினால், வைத்திருந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியில் காப்பாற்றியது, ஸ்டேஜிங் சர்வரில் சோதிப்பதற்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகல். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டிய அந்த நிறுவனம், நடந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது.

மூன்றாவது, புதிய வீட்டில் பழைய சாமான் பொருந்துமா என்று பார்ப்பது. சென்ட்ஓஎஸ் 7-ல் இயல்பாக இருந்தது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் எழுதிய பல நிரல்கள் பைத்தான் 3-ல் அப்படியே ஓடாது, திருத்த வேண்டும். பழைய பிஎச்பி-யில் எழுதிய இணையதளங்களுக்கும் இதே தலைவலிதான். இருக்கும் சர்வரையே அப்கிரேட் செய்யும் கருவிகளும் உண்டு. ஆனால் 7-ல் இருந்து 9-க்கு ஒரே தாவலில் போக முடியாது. 8-ல் கால்வைத்துத்தான் ஏற வேண்டும். அதனால் பலரும் புதிய சர்வரைத் தனியாக அமைத்து, டேட்டாவை மட்டும் கொண்டுவருகிறார்கள்.

நான்காவது, பழைய வீட்டுச் சாவியை உடனே கொடுத்துவிடாமல் இருப்பது. குறைந்தது ஒரு மாதக் கடைசி தாண்டும் வரையாவது பழைய சர்வரை வெளியுலகத் தொடர்பைத் துண்டித்து வைத்திருப்பது நல்லது. ஏதாவது தவறினால் எப்படித் திரும்பிப் போவது என்ற வழியையும் மாறுவதற்கு முன்பே எழுதி, ஒரு முறை நடந்தும் பார்க்க வேண்டும்.

உங்கள் பாக்கெட்டிலும் லினக்ஸ்!

இதெல்லாம் கம்ப்யூட்டர் ஆட்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனின் மையத்தில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அதற்கும் ஆயுள் உண்டு.

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய், கடைசியாக எந்தத் தேதியில் பாதுகாப்பு அப்டேட் வந்தது என்று பாருங்கள். சில மாடல்களில் இது ‘செக்யூரிட்டி’ பகுதியில் இருக்கும். ஒரு வருடத்துக்கும் மேல் பழையதாக இருந்தால், முதலில் அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லை என்றால், அந்த போனுக்குத் தயாரிப்பாளர் அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். யூடியூப் பார்க்க அது போதும். வங்கிக் கணக்கை அதில் வைத்திருப்பது நல்லதல்ல.

பெரிய அப்டேட் வந்தால், போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் பேக்கப் எடுத்துவிட்டு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளின் முந்தைய ராத்திரி மட்டும் வேண்டாம். வீட்டில் இரண்டு போன் இருந்தால், ஒன்றில் போட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்ததில் போடலாம். பாட்டியின் போனைக் கேனரி ஆக்கிவிடாதீர்கள்... அவருக்கு வரும் அழைப்புகள்தான் வீட்டிலேயே முக்கியமானவை!