குட்டி மின்சார கார்: கரிசல் காட்டுக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா?

விளாத்திகுளம் வட்டாரத்தில் தை பிறந்தால் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும். மாசி, பங்குனியில் களத்தில் வத்தல் காயும். கையில் காசு புழங்கும் அந்த மூன்று, நான்கு மாதங்களில்தான் கல்யாணம், வீட்டு வேலை, வண்டி வாகனம் எல்லாம் பேச்சுக்கு வரும். அந்தப் பேச்சில் இப்போது குட்டி மின்சார காரும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் போட வேண்டாம், வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால் போதும், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்கிறார்கள். இதில் எது உண்மை? மானாவாரி விவசாயக் குடும்பம் ஏழு லட்சம் ரூபாயை இதில் போடலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வீட்டுக்கு வீடு மாறுகிறது.

தூத்துக்குடி கார் வேறு, குட்டிக் கார் வேறு

தூத்துக்குடி சிலாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது அதன் திறன். 'பக்கத்திலேயே ஆலை வந்துவிட்டது, இனி விலை குறையும்' என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால், அந்த ஆலையில் முதலில் தயாரானவை வி.எஃப். 6, வி.எஃப். 7 என்ற பெரிய கார்கள். 16 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை. அதே நிறுவனம் வியட்நாமில் விற்கும் வி.எஃப். 3 என்ற 3.19 மீட்டர் நீளக் குட்டிக் கார் வேறு ரகம்.

இந்தியாவுக்குக் குட்டி மின்சார கார் புதிதல்ல. சேத்தன் மைனி உருவாக்கிய 'ரேவா' பெங்களூரில் 2001-லேயே விற்பனைக்கு வந்தது. ஈய பேட்டரி, ஒரு சார்ஜுக்குச் சுமார் 80 கி.மீ. ஓட்டம். லண்டன் தெருக்களில்கூட அது ஓடியது. 2010-ல் மஹிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது.

இன்று சந்தையில் 'குட்டி' என்று சொல்லத்தக்கது எம்.ஜி. காமெட். 2023-ல் வந்தது. நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, இரண்டு கதவு, நான்கு பேர் உட்காரலாம். பேட்டரி 17.3 யூனிட் கொள்ளும். அதற்கு அடுத்த அளவில் டாடா டியாகோ மின்சார கார். ஐந்து பேர், பின்னால் சாமான் வைக்க இடம், 19.2 அல்லது 24 யூனிட் பேட்டரி.

ஓட்டம் எவ்வளவு?

காமெட்டுக்கு நிறுவனம் சொல்லும் ஓட்டம் 230 கி.மீ. இது சோதனைக்கூடக் கணக்கு. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு, நான்கு பேர் ஏறி, நான்குவழிச் சாலையில் வேகம் பிடித்தால் அந்த ஓட்டம் கிடைக்காது. 160 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. அதிலும் கடைசி 20, 30 கி.மீ.யைக் கைவைக்காமல் இருப்பு வைக்க வேண்டும்.

விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் சுமார் 20 கி.மீ., கோவில்பட்டி 35 கி.மீ., தூத்துக்குடி 45 முதல் 50 கி.மீ., அருப்புக்கோட்டை ஏறக்குறைய அதே தூரம். இவை எல்லாம் போய்த் திரும்ப ஒரு சார்ஜ் போதும். மதுரை அப்படியல்ல. ஒரு வழியே சுமார் 100 கி.மீ. போய்விடலாம், அதே சார்ஜில் திரும்ப முடியாது.

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம். சாலையோர வேக சார்ஜரில் காமெட்டைப் போட முடியாது. அந்த வசதி அதில் இல்லை. சாதாரண சார்ஜரில் 7 மணி நேரம். 7.4 கிலோவாட் சார்ஜர் ஏற்கும் மாடலில் அதில் பாதி நேரம். டியாகோவை வேக சார்ஜரில் போட்டால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைக்கு அடிக்கடி போய் வரும் வீடு என்றால், விலை வித்தியாசத்தைவிட இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அவசரம் என்றால் எந்தக் காரை நம்பியும் இருக்காமல் 108-ஐ அழைப்பதே சரி.

யூனிட் கணக்கு

சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் வீணாகும். அதையும் சேர்த்தால், பேட்டரி முழுதாக நிறைய வீட்டு மீட்டரில் 20 யூனிட் ஓடும். 160 கி.மீ.க்கு 20 யூனிட். அதாவது யூனிட்டுக்கு 8 கி.மீ. மாதம் 1,000 கி.மீ. ஓடினால் 125 யூனிட், இரண்டு மாத பில்லில் 250 யூனிட் கூடும்.

வீட்டு இணைப்பில் யூனிட் உயர உயரக் கட்டணம் ஏறும். ஏற்கெனவே 200 யூனிட் ஓடும் வீட்டில் காரும் சேர்ந்தால் 450. பக்கத்திலேயே 500 யூனிட் என்ற கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான மானிய வீதமும் மாறி, பில் சட்டென்று ஏறும். ஆகவே யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகவே கணக்குப் போடலாம். அப்படிப் பார்த்தாலும் கி.மீ.க்கு 1 ரூபாய்தான். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 5 ரூபாய். ஆக, ஒவ்வொரு கி.மீ.யிலும் 4 ரூபாய் மிச்சம்.

மிச்சம் எப்போது கைக்கு வரும்?

மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சிறு பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், அதன் ஆரம்ப மாடல் விலை நான்கு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. காமெட்டின் ஆரம்ப விலை 2024-ல் 6.99 லட்சமாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் காருக்கான சாலை வரியையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டுக்கும் சுமார் 2.5 லட்சம் ரூபாய் இடைவெளி.

கி.மீ.க்கு 4 ரூபாய் மிச்சம் என்றால், இந்த 2.5 லட்சத்தை மீட்க 62,500 கி.மீ. ஓட வேண்டும்.

• தினமும் கோவில்பட்டிக்கு வேலைக்கோ கடைக்கோ போய் வரும் வீடு: ஒரு நாளைக்கு 70 கி.மீ., மாதம் 25 நாள், 1,750 கி.மீ. மூன்று ஆண்டில் இடைவெளி அடையும்.
• மாதம் 1,000 கி.மீ. ஓடும் வீடு: ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல்.
• சந்தை, கோயில், விசேஷம் என்று மாதம் 400 கி.மீ. மட்டும் ஓடும் வீடு: 13 ஆண்டு. பேட்டரிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதமே 8 ஆண்டுதான். இந்த வீட்டுக்கு மின்சார கார் மிச்சம் தராது.

'ஓடினால்தான் லாபம்' என்பது மின்சார காரின் முதல் விதி. நிழலில் நிறுத்தி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

தவணை மாதா மாதம், வெள்ளாமை வருஷத்துக்கு ஒன்று

6 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 12,750 ரூபாய். ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் 1.65 லட்சத்தை ஒட்டி வரும்.

தை முதல் சித்திரை வரை இது பாரமாகத் தெரியாது. புரட்டாசியில் விதை, உரம், உழவுக்கூலி என்று பணம் தேவைப்படும்போது தெரியும். ஐப்பசி மழை தவறினால் அடுத்த வருஷம் முழுவதும் தெரியும். சம்பளக்காரர் ஒருவராவது வீட்டில் இருந்தால், தவணையை அந்த வருமானத்தில் மட்டும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் உரிய காலத்தில் திருப்பினால் வட்டி இல்லாத கடன். அந்தப் பணத்தை காருக்கு முன்பணமாகப் போட்டால், விதைப்புக்கு வெளியில் வட்டிக்கு வாங்க நேரும். நகை அடகும் அப்படித்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தடவை வாடகைக் காருக்கு 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தாலும், மாதம் ஆறு தடவை போனால்தான் 12,000. அதற்கும் குறைவாகப் போகும் வீட்டுக்கு வாடகைக் காரே லாபம். இன்சூரன்ஸ், டயர் செலவு எதுவும் இல்லை.

பேட்டரி வாடகைத் திட்டம்

காரை மட்டும் வாங்கி, பேட்டரிக்கு கி.மீ. கணக்கில் வாடகை கட்டும் திட்டமும் இருக்கிறது. காமெட்டுக்கு 2024-ல் இது வந்தபோது காரின் விலை 4.99 லட்சம், வாடகை கி.மீ.க்கு 2.50 ரூபாய். முழு விலையைவிட 2 லட்சம் குறைவு. ஆனால் 80,000 கி.மீ. ஓடினால் அந்த 2 லட்சமும் வாடகையாகப் போய்விடும். மின்சாரம் 1 ரூபாயும் வாடகை 2.50 ரூபாயும் சேர்ந்து கி.மீ.க்கு 3.50, பெட்ரோலோடு மிச்சம் 1.50 ரூபாய்தான். அதிகம் ஓடுபவருக்கு இது சரிவராது. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இன்றைய வாடகை எவ்வளவு? ஓடாவிட்டாலும் மாதம் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா? காரை விற்றால் பேட்டரி ஒப்பந்தம் யார் தலையில்?

கரிசல், முள், உப்புக்காற்று

காமெட்டின் சக்கரம் 12 அங்குலம்தான். தார்ச்சாலையில் குறை இல்லை. மழை பெய்த கரிசல் வண்டிப்பாதையில் மாட்டு வண்டியே புதையும். இந்தக் கார் இறங்கவே கூடாது. புஞ்சைக்குப் போக இருசக்கர வண்டிதான். வத்தல் மூடை ஏற்ற நினைப்பவருக்கும் இது உதவாது. பின் சீட்டை மடக்கினால் ஒன்றிரண்டு மூடை கொள்ளும், அவ்வளவே.

சீமைக்கருவேல முள் இந்த வட்டாரத்தின் நிரந்தரத் தொல்லை. சில கார்களில் ஸ்டெப்னி டயர் இருக்காது, பஞ்சர் கிட் மட்டும் தருவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேம்பார், வைப்பார், தருவைகுளம் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றை நினைவில் வைக்க வேண்டும். அடிப்பாகத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவதும், சார்ஜ் வாயின் மூடியைத் திறந்து போடாமல் இருப்பதும் நல்லது.

வாங்கும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

• சார்ஜருக்கு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் ஆகியவை கட்டாயம். 7 மணி நேரம் தொடர்ந்து ஓடும் மின்சாரத்தைப் பழைய ஒயர் தாங்காது. நீட்டிப்பு ஒயர் போடவே கூடாது.
• வீட்டு இணைப்பின் மின்பளு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ள வேண்டும்.
• சாயங்காலம் வோல்டேஜ் குறையும் ஊரில் நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் போடுவது நல்லது.
• சர்வீஸ் மையம் எந்த ஊரில் இருக்கிறது, வழியில் நின்றால் வண்டியைத் தூக்கிச் செல்ல யார் வருவார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும். மின்சார காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது.
• சாலை வரி விலக்கு வாங்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வீட்டு மாடியில் சோலார் போட்டால் கணக்கு இன்னும் நன்றாக வரும். 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் காருக்கு ஒரு கிலோவாட்டே ஏறக்குறையப் போதும். பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நெட் மீட்டர் இருந்தால் பகலில் விளையும் யூனிட் இரவு சார்ஜுக்கு ஈடாகும். காருக்கு முன்னால் சோலார் போட்டுவிட்டால், கார் வாங்காமல் போனாலும் நஷ்டமில்லை.

வாசகர் கேள்விகள்

பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் கார் சார்ஜ் போடலாமா? (புதூர் வாசகர்)
கூடாது. அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டும். வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து. வீட்டு மீட்டரில்தான் போட வேண்டும்.

மின்சார காருக்கு மத்திய அரசு மானியம் உண்டா? (எட்டயபுரம் வாசகர்)
சொந்த உபயோகக் காருக்கு இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள், பஸ், லாரி, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கானது. 'மானியம் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

குட்டிக் காருக்கு லைசென்ஸ், பதிவு வேண்டாம் என்கிறார்களே? (சூரங்குடி வாசகர்)
தவறு. மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத, திறன் குறைந்த சில இருசக்கர மின் வண்டிகளுக்குத்தான் அந்தச் சலுகை. கார் எவ்வளவு சிறிதானாலும் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். சொந்த மின்சார காருக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எண் இருக்கும்.

ஐந்து ஏக்கர் மானாவாரி, வேறு வருமானம் இல்லை. வாங்கலாமா? (விளாத்திகுளம் வாசகர்)
கடன் வாங்கி வேண்டாம். ஒரு வருஷம் வீட்டார் போய்வந்த தூரத்தையும் வாடகைக்குக் கொடுத்த பணத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த தையில் அந்த நோட்டைப் பார்த்தால், கார் தேவையா, எந்தக் கார் என்பது தானே தெரிந்துவிடும்.