கூட்டுப்புழுவில் உள்ள துளையைப் பாருங்கள்

தென்னை மட்டைகள் காய்ந்து தீய்ந்ததுபோல் நிற்பதைக் கண்டதும் தெளிப்பானைத் தேடி ஓடுவது நம்மில் பலருடைய வழக்கம். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தாக்கப்பட்ட அடிமட்டை ஒன்றை வெட்டி இறக்கி, அதில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்களைக் கவனியுங்கள். பூச்சி மேலும் பெருகுமா, தானே அடங்குமா என்பதை அவற்றைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம்.

ஓலையைத் தின்பவை

தென்னை ஓலையைப் பல வகைப் புழுக்கள் தின்கின்றன. உடல் முழுவதும் வெண்பஞ்சு போன்ற மெழுகிழைகளுடன், ஓலையைச் சுருட்டி உள்ளே இருப்பது ஒன்று. இதன் தாய்ப்பூச்சி, சிவந்த கண்களையுடைய பெரிய பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி. தலையில் இரு கொம்புகளுடன் பச்சையாக இருப்பது மற்றொரு பட்டாம்பூச்சியின் புழு. இவை இரண்டும் பெரும் சேதம் விளைவிப்பது அரிது. நமக்கு அதிக நட்டம் தருவது, அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த கருந்தலைப் புழு. இது ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சத்தையும் நூலையும் கொண்டு கூடு பின்னி, உள்ளிருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். புழுப் பருவம் சுமார் 40 நாட்கள். அதன்பின் சுமார் 12 நாட்கள் கூட்டுப்புழுப் பருவம்.

குளவிகளும் ஈக்களும்

கூட்டுப்புழு நகராது, தின்னாது. ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இதுவே வாய்ப்பு. பிரேக்கிமீரியா என்னும் குளவி கருப்பாக, பின்தொடை பருத்து, சில மி.மீ. நீளமே இருக்கும். தாய்க்குளவி கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருப்பதைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளிவரும். ஒரு கூட்டுப்புழுவிலிருந்து ஒரு குளவிதான் வரும். டிரைக்கோஸ்பைலஸ் என்பது இதைவிட மிகச் சிறியது. ஒரே கூட்டுப்புழுவிலிருந்து இவை கூட்டமாக வெளிவரும். இது கடும் வெயிலைத் தாங்காது. இக்குளவிகளால் மனிதருக்கோ மரத்துக்கோ தீங்கில்லை.

ஈக்களின் முறை வேறு. வீட்டு ஈயைப் போன்ற, உடலில் முரட்டு மயிர்களுடைய இந்த ஈக்கள், தின்றுகொண்டிருக்கும் புழுவையே தாக்குகின்றன. தாக்கப்பட்ட புழு சில சமயம் கூட்டுப்புழுவாகவும் மாறிவிடும். ஆனால் அதிலிருந்து அந்துப்பூச்சி வராது. ஈயின் புழுதான் வெளிவரும்.

அடையாளம் காண்பது எப்படி?

1. கூடு தலைப்பக்கம் பிளந்து திறந்திருந்தால், தாய்ப்பூச்சி வெளியேறிவிட்டது.

2. வட்டமான ஒரு துளை இருந்தால், பெரிய குளவி வெளிவந்துள்ளது. ஊசி குத்தியது போன்ற நுண்துளை இருந்தால், சிறு குளவிகள் வெளிவந்துள்ளன.

3. ஒழுங்கற்ற துளையும், அருகில் செம்பழுப்பு நிறத்தில் சிறு பீப்பாய் போன்ற கூடும் இருந்தால், அது ஈயின் வேலை.

4. துளையில்லாத கூட்டுப்புழுவின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல கூட்டுப்புழுவும் பூச்சி வெளிவரும் தறுவாயில் கருக்கும். இவற்றைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்திருங்கள். தினமும் பாருங்கள். அந்துப்பூச்சி வந்தால் கொல்லுங்கள். குளவியோ ஈயோ வந்தால் தோப்பிலேயே விட்டுவிடுங்கள்.

மருந்து ஏன் எதிராகலாம்?

கூட்டுப்புழு எதையும் தின்னாததால், மரத்தின் சாற்றில் ஏறும் மருந்து அதன் வயிற்றுக்குப் போகாது. மேலே தெளிக்கும் மருந்திலிருந்தும் நூல்கூடு அதை ஓரளவு காக்கும். ஆனால் ஓலைமீது நடமாடும் குளவிக்கு எந்தக் காப்பும் இல்லை. மருந்து பட்டதும் அது சாகும். சில நாட்களில் கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும்போது, அடுத்த தலைமுறையைத் தடுக்கத் தோப்பில் ஆளிருக்காது. செலவும் நம்முடையது, சேதமும் நம்முடையது.

செய்ய வேண்டியவை

துளையிட்ட கூடுகள் மிகுந்து, புதிய தாக்குதல் குறைந்து வந்தால் தெளிக்காமல் பொறுத்திருங்கள். வெட்டிய மட்டைகளை எரிக்குமுன் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கிப் புட்டியில் இடுங்கள். எரித்தால் உள்ளிருக்கும் நண்பர்களும் சேர்ந்தே சாவார்கள்.

கூடுகளில் துளையே இல்லாமல், காய்ந்த மட்டைகள் பெருகினால், ஒட்டுண்ணி வளர்ப்பு மையத்தை அணுகுங்கள். கருந்தலைப் புழு பெரும்பாலும் ஒரு தோப்பில் ஒரே பருவத்தில் இருக்கும். ஆகவே புழுவாக இருக்கும்போது கூட்டுப்புழுக் குளவியை விடுவது வீண். 2, 3ஆம் நிலைப் புழுக்கள் இருந்தால் எக்டருக்கு 3,000 பெத்திலிட் குளவிகள் விட வேண்டும். கூட்டுப்புழுக்கள் இருந்தால் 100க்கு 32 பிரேக்கிமீரியா என்ற கணக்கில் விட வேண்டும். பெத்திலிட் குளவிகளை மரத்தின் கொண்டைப் பகுதியில் விடாதீர்கள். அங்குள்ள சிலந்திகள் அவற்றைத் தின்றுவிடும். கோடையில் புழு பெருகுவதைத் தடுக்க, தை மாதத்திலிருந்தே மட்டைகளைச் சோதிக்கத் தொடங்குங்கள்.

ஒரு மட்டை, ஒரு புட்டி, ஒரு துண்டுத் துணி: செலவு இவ்வளவே. தெளிப்பானை எடுப்பதா, வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யுங்கள்.