கரை கடந்த தரவு

பொன்முடி மலையடிவாரத்தில் பாறைகளுக்கிடையே ஓடும் கல்லாறு, வாமனபுரம் ஆற்றுடன் கலக்கிறது. மலைமேல் பெருமழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே ஆற்றில் வெள்ளம் பெருகும். கரை கொள்ளாத நீர் அருகிலுள்ள நிலத்தில் புகும். கணினியின் நினைவகத்திலும் இத்தகைய பெருக்கு நேர்வதுண்டு.

திறன்பேசி, வைஃபை அலைகளின் வழியே தரவைப் பெறுகிறது. அத்தரவை வாங்கி இயங்குதளத்திடம் சேர்ப்பிக்கும் மென்பொருள் 'இயக்கி' எனப்படும். வரும் தரவை வைப்பதற்கு இயக்கி நினைவகத்தில் அளவான இடத்தை ஒதுக்குகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு வைஃபை கருவியின் முகவரி 6 பைட்டு நீளமுடையது. 10 முகவரிகளுக்கு 60 பைட்டு போதும். ஒருவர் 100 முகவரிகளை அனுப்பினால் என்ன நிகழும்? அளவைச் சரிபார்க்கும் இயக்கி அவற்றை ஏற்காது. சரிபார்க்காத இயக்கியிலோ, மிகுந்த 540 பைட்டும் பக்கத்து இடத்திலுள்ள தகவலின்மேல் எழுதப்படும். அங்கே, அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளை பற்றிய குறிப்பு இருக்கக்கூடும். அதை மாற்றுபவர் கருவியையே தம் வசப்படுத்தலாம். இதுவே 'நினைவக வழிவு'.

ஐபோனில் இருந்த இத்தகைய பிழையொன்றை, கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழுவைச் சேர்ந்த இயான் பீர் கண்டறிந்து, 2020 டிசம்பரில் விரிவாக விளக்கினார். அருகிலுள்ள ஆப்பிள் கருவிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர உதவும் வைஃபை இயக்கியில் அப்பிழை இருந்தது. ஐபோனுக்கு உரியவர் எதையும் தொட வேண்டியதில்லை. அலை எட்டும் தொலைவிலிருந்தே அதிலுள்ள படத்தைக் கவர முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். இயக்கி, இயங்குதளத்தின் கருவிற்குள் இயங்குவதால், சிறு பிழையும் கருவி முழுவதையும் திறந்துவிடுகிறது. நல்வாய்ப்பாக, அவர் பிழையை முன்னரே ஆப்பிளுக்கு அறிவித்திருந்தார். விளக்கம் வெளிவருமுன் அது திருத்தப்பட்டது.

சி, சி++ மொழிகளில் அளவைச் சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நிரலாளரையே சாரும். ரஸ்ட் மொழியோ இச்சோதனையைத் தானே செய்கிறது. 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1 கருவில் ரஸ்டுக்கு இடமளிக்கப்பட்டது.

பிழையைத் திருத்துவது வல்லுநர் கடமை. திருத்தத்தை நிறுவுவது நம் கடமை. ஆகவே, உங்கள் இல்லத்துத் திறன்பேசியில் புதுப்பிப்பு அறிவிப்பு வந்தால், பெற்றோரிடம் கூறிக் காலந்தாழ்த்தாது நிறுவச் செய்யுங்கள்.

சொற்பொருள்
தரவு – கணினி கையாளும் தகவல்
கரு – இயங்குதளத்தின் மையப்பகுதி
நிரலாளர் – கணினிக்குக் கட்டளைத் தொகுப்பு எழுதுபவர்

வினாக்கள்
1. இயக்கியின் பணி யாது?
2. 60 பைட்டு இடத்தில் 15 முகவரிகளை எழுதினால் எத்தனை பைட்டு மிகும்?
3. ஐபோனுக்கு உரியவர் எதையும் தொடாதபோதும் படத்தைக் கவர முடிந்தது ஏன்?