1938: உரிமம் இழந்த யூத டாக்டர்களும், கொல்கத்தாவிலிருந்து போன ஒரு டாக்டரும்

1938 செப்டம்பர் 1. ஐந்து இந்திய டாக்டர்கள் பம்பாயிலிருந்து சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அதே மாதம் 30ஆம் தேதியோடு ஜெர்மனியில் யூத டாக்டர்களின் மருத்துவ உரிமம் ரத்தானது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா அடுத்த வருஷமே சீனப் போர்முனையில் ரெண்டும் சந்தித்தன.

ஜெர்மனியில் என்ன நடந்தது?

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933லேயே, காப்பீட்டு நோயாளிகளைப் பார்க்கும் வேலையிலிருந்து யூத டாக்டர்களை விலக்கத் தொடங்கிவிட்டார்கள். பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1938ல் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 3,000 பேர். உரிமம் ரத்தான பிறகு சுமார் 700 பேருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் யூத நோயாளிகளைப் பார்க்க மட்டும்தான். 'டாக்டர்' என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

எங்கே போனார்கள்?

விசா கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் பல நாடுகளில் படிப்பை ஏற்க மாட்டார்கள். மறுபடி பரீட்சை எழுதணும். விசா கேட்காத ஊர் ஷாங்காய். வியன்னா டாக்டர் ஜேக்கப் ரோசன்ஃபெல்ட், டாஹாவ், புகன்வால்ட் வதைமுகாம்களிலிருந்து வெளியே வந்து 1939ல் அங்கே போனார். 1941ல் ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட சீனப் படையில் சேர்ந்தார்.

இதில் கொல்கத்தா எங்கே வருகிறது?

அந்த ஐவரில் பிஜய் குமார் பாசு, தேபேஷ் முகர்ஜி இருவரும் கல்கத்தாக்காரர்கள். குழுவை அனுப்பியது காங்கிரஸ். அப்போது அதன் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். 1939ல் பாசுவும் கோட்னிஸும் யெனானில் வேலை பார்த்தபோது அங்கே வந்து சேர்ந்தார் ஹன்ஸ் முல்லர். டுசல்டார்ஃபில் யூதத் தந்தைக்குப் பிறந்தவர், சுவிட்சர்லாந்தில் மருத்துவம் படித்தவர். அவரும் இந்திய டாக்டர்களும் சேர்ந்தே போர்முனைக்குப் புறப்பட்டார்கள்.

இந்தியா அவர்களை வரவேற்றதா?

பதில் ஒரே வார்த்தையில் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் தோல் மருத்துவப் பேராசிரியர் ஆஸ்கர் கான்ஸ் 1934ல் பம்பாய் வந்து, போர் முடிந்தபின்தான் திரும்பினார். யூத நிபுணர்களுக்கு இங்கே வேலை தரலாம் என்பது நேருவின் நிலைப்பாடு. சீனாவுக்கு டாக்டர்களை அனுப்பிய போஸ் அதை ஏற்கவில்லை. 1939 மார்ச்சில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் அதையும் ஒரு குறையாகச் சொன்னார். அதே செப்டம்பரில் போர் வெடித்ததும் இன்னொரு அடி. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த யூத அகதிகளையும் 'எதிரி நாட்டவர்' என்று பிரிட்டிஷ் அரசு பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தது. விசாரணைக்குப் பிறகு பெரும்பாலோர் விடுதலையானார்கள். ஹிட்லருக்கு அவர்கள் ஜெர்மானியர்கள் இல்லை, பிரிட்டிஷாருக்கோ ஜெர்மானியர்கள்!

பிறகு என்ன ஆனது?

கோட்னிஸ் 1942ல் சீனாவிலேயே இறந்தார். முல்லர் சீனக் குடிமகனாகி, பெய்ஜிங்கில் மருத்துவம் கற்பித்தார். 1943ல் ஊர் திரும்பிய பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனா போய் அக்குபஞ்சர் கற்றுவந்து கொல்கத்தாவில் சிகிச்சை தந்தார். 1996ல் மேற்கு வங்கம் அக்குபஞ்சருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

ஒரு டாக்டருக்கு உரிமம் வேண்டும், அதைத் தர ஒரு நாடு வேண்டும். அந்த நாடே உரிமத்தைப் பறித்தால், படித்த படிப்பு வேறு எங்கே செல்லும்? போரால் ஊரைவிட்டு வரும் டாக்டர்கள் இன்றும் கேட்கிற கேள்வி இதுதான்.