தேங்காய் விளையும் ஊருக்கு டின் தேங்காய்ப்பால் எதற்கு?

பாலக்காட்டுச் சாம்பாரில் மணக்கும் பெருங்காயம் இந்த மண்ணில் விளைந்ததல்ல. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் ஒரு செடியின் வேரைக் கீறி வடிக்கும் பால் பிசினாக உறைந்து இங்கே வருகிறது. அதோடு மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக டப்பாவில் அடைக்கிறார்கள். இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் சோதனையாக முதல் கன்று நடப்பட்டதே 2020 அக்டோபரில்தான். ஆக, ஆசிய நாட்டுச் சரக்கை விலைக்கு வாங்கிச் சமைப்பது நமக்குப் புதுப் பழக்கமல்ல. கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ இருப்பவர் இன்று கைபேசியில் கொரிய நூடுல்ஸும் ஜப்பானிய மிசோவும் தாய்லாந்து மசாலா விழுதும் ஆர்டர் செய்கிறார் என்றால், பழைய பழக்கம் வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். வாங்கலாமா கூடாதா என்பது இங்கே கேள்வியே இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். அதற்கான அளவுகோலைப் பெருங்காயமே வைத்திருக்கிறது. நம் ஊரில் விளையாதது, நாள்பட்டாலும் கெடாதது, சிட்டிகை போட்டாலே குழம்பை மாற்றிவிடுவது. இந்த மூன்றும் பொருந்தும் பொருளுக்குக் கடல் தாண்டி வந்த விலையைக் கொடுப்பதில் நியாயம் உண்டு.

ஆன்லைனில் அதிகம் கண்ணில் படும் 'தாய் கறி' பொட்டலத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அதில் பெரிய பங்கு டின் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர். தென்னந்தோப்புகள் நிறைந்த பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தாய்லாந்துத் தண்ணீருக்குக் கப்பல் கூலியும் கூரியர் கூலியும் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அடுத்தது எலுமிச்சைப்புல். வேலியோரம் ஒரு தூர் நட்டால் போதும், வருஷம் முழுக்கக் கிடைக்கும். மறையூர்ப் பக்கம் தைலம் வடிக்கும் புல்லும் இதன் உறவுதான், ஆனால் சமையலுக்கு அடித்தண்டு தடித்த வகையைத் தேடி நட வேண்டும். தாய்லாந்துக்காரர் இடித்துப் போடும் கிழங்கு நம் பேரரத்தை. காரத்துக்குக் காந்தாரி இருக்கிறது. அவர்கள் சேர்க்கும் பனைச்சர்க்கரைக்குக் கருப்பட்டியை நுணுக்கிப் போடலாம். புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும் தாங்கும். மக்ரூட் எலுமிச்சை இலை மட்டும் சற்றுச் சிக்கல். பாலக்காட்டு அக்ரஹாரங்களில் வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கும் இளம் நாரத்தை இலை அந்த மணத்துக்குக் கிட்டத்தில் வரும், அதுவே ஆகிவிடாது. இத்தனையும் கழித்தபின் உண்மையில் வெளியிலிருந்து வர வேண்டியது ஃபிஷ் சாஸ் ஒன்றுதான். நெத்திலியை உப்பிலிட்டு மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிக்கும் அந்தச் சாறு நம் அடுக்களையில் உருவாகாது. ஒரு பாட்டில் பல மாதம் வரும்.

கொரியக் கிம்ச்சிக்கும் இதே கணக்குதான். அது உயிருள்ள ஊறுகாய். அடைத்த பிறகும் புளித்து வாயு விடும். குளிர்ச்சி இல்லாத வண்டியில் மலைப்பாதை ஏறி மூணாறு வந்து சேர்வதற்குள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மூணாறுக்கு அடுத்தாற்போல வட்டவடையிலும் காந்தளூரிலும் முட்டைக்கோஸும் கேரட்டும் விளைகின்றன. புவிசார் குறியீடு பெற்ற பூண்டும் அங்கேதான் விளைகிறது. கொரியர்கள் நீள்கோஸில் செய்வதுபோலவே உருண்டைக் கோஸிலும் கிம்ச்சி போடுகிறார்கள். எனவே கொரிய மிளகாய்த் தூளை மட்டும் வரவழைத்து, மற்றதை வட்டவடையிடம் விட்டுவிடலாம். மிசோ, கொச்சுஜாங் என்னும் கொரிய மிளகாய் விழுது, நல்ல சோயா சாஸ், நோரி என்னும் கடற்பாசித் தாள் ஆகியவை வேறு ரகம். நொதித்தலுக்கும் காலத்துக்கும் அந்த ஊர்க் கடலுக்கும் கொடுக்கும் விலை அது. தயங்காமல் வாங்கலாம்.

உள்ளூர்ப் பொருளைப் போட்டால் அசல் சுவை வராதே என்பார்கள். பாதி உண்மை. நாரத்தை இலையில் அந்த வித்தியாசம் தெரியவே செய்யும். ஆனால் பாங்காக்கில் சுவை பிறப்பது பச்சையாக இடிப்பதிலும் அன்றே பிழிந்த பாலிலும்தான். ஆறு மாதம் டின்னில் கிடந்ததைவிடச் சித்தூர்த் தேங்காய் அந்த முறைக்கு நெருக்கமானது. வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவருக்கு இடிக்கவும் பிழியவும் நேரம் ஏது என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கு வழி உண்டு: விடுமுறை நாளில் விழுதை அரைத்து ஃபிரீசரில் வைக்கலாம், பால் மட்டும் அன்றன்று. அதுவும் முடியாதவர் டின்னை வாங்கட்டும், அதில் குற்றமில்லை.

மூன்றாவது ஆட்சேபம் இடுக்கி மலையின் பிழைப்பையே தொடுகிறது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகும் ஏலக்காய் சவூதி அரேபியா வரை விலைபோக வேண்டும், ஆனால் பிற நாட்டுச் சரக்கு இங்கே வரக் கூடாது என்றால் எப்படி? அப்படிச் சொல்ல இடுக்கிக்கு உரிமை கிடையாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. வணிகம் இருவழிப் பாதை. ஆனால் அதில் பொருளின் ஊர்ப்பெயர் மறையக் கூடாது. உலகில் அதிகம் மிளகு விளைவிப்பது இப்போது வியட்நாம். அந்த மிளகு இலங்கையின் பெயரில், வரிச்சலுகையோடு இந்தியாவுக்குள் வருகிறது என்று விவசாயிகள் முறையிட்ட பிறகே, 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடி மிளகு. அதை விளைவிக்கும் ஊரில் இருந்துகொண்டு, எங்கே விளைந்தது என்று தெரியாத மிளகுப் பொட்டலத்தை ஆன்லைனில் வாங்குவது வருத்தத்துக்குரியது.

ஊர்ப்பெயரைக் கேட்கச் சட்டம் நமக்கு உதவுகிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பொருள் எந்த நாட்டில் ஆனது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே காட்டச் சொல்கின்றன. இறக்குமதி உணவுக்கு மொத்த ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அது மிச்சமிருந்தால்தான் எல்லையில் அனுமதி. ஆனால் அதன் பிறகு கிடங்கில் கழியும் காலம் உண்டே. தள்ளுபடி பெரிதாக இருந்தால் தேதியை இருமுறை பாருங்கள். சைவர்களுக்கு இன்னொரு சோதனை தேவை. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலும், மிசோ சூப் பொட்டலத்தில் மீன் தூளும், சில நூடுல்ஸ் மசாலாவில் இறைச்சிச் சாறும் இருக்கும். பச்சைப் புள்ளியைத் தேட வேண்டும். டப்பாவின் மேல் கொரிய எழுத்தோ தாய் எழுத்தோ இருக்கட்டும். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் தாங்கிய ஸ்டிக்கர் கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் வந்ததைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.