எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் கௌட் வலி: பழைய மாத்திரை ஆகாது

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய இரண்டாவது, மூன்றாவது வாரம். நள்ளிரவில் கால் பெருவிரல் திடீரென வீங்கிச் சிவந்து நெருப்பாய்க் கொதிக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. பல ஆண்டுகளாகக் கௌட் உள்ளவருக்கு இந்த வலி புதிதல்ல. செய்ய வேண்டியதும் பழகிப்போனதுதான். மருந்துப் பெட்டியில் மிச்சமிருக்கும் வோல்டாரனையோ போன்ஸ்டானையோ ஆர்கோக்ஸியாவையோ எடுத்து விழுங்குவார். முன்பு பலமுறை கைகொடுத்த அந்தப் பழக்கம்தான் இப்போது ஆபத்து.

“எடை குறைந்தால் கௌட்டும் குறையும் என்றார்களே, பிறகு ஏன் வருகிறது?” என்று நோயாளிகள் கேட்பது நியாயமே. குறையும், ஆனால் உடனே அல்ல. அறுவைக்குப் பின் உணவு மிகவும் சுருங்கிவிடுவதால் உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்போது உண்டாகும் கீட்டோன்கள், யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. திசுக்கள் சிதைவதால் யூரிக் அமிலம் கூடுதலாகவும் உருவாகிறது. மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும் என்பதால் உடலில் நீரும் குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2014ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட கௌட் நோயாளிகளில் 17.5 விழுக்காட்டினருக்கு முதல் மாதத்திலேயே வலி தாக்கியது. வேறு வயிற்று அறுவை செய்துகொண்ட கௌட் நோயாளிகளிடம் அது 1.8 விழுக்காடுதான். முதல் மாதம் கடந்தபின் நிலைமை தலைகீழானது. அதற்கடுத்த ஓராண்டில் வலி வந்தவர்கள் 8 விழுக்காட்டினரே. அறுவைக்கு முந்தைய காலத்தில் அது 23.8 விழுக்காடாக இருந்தது. ஆக, தாண்ட வேண்டியது அந்த முதல் சில வாரங்களை.

இனி மாத்திரைக்கு வருவோம். இரைப்பை மாற்றுப்பாதை அறுவையில், இரைப்பையின் மேல்பகுதி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. அந்த இடத்துச் சிறுகுடல் அமிலத்துக்குப் பழகியதல்ல. வோல்டாரன், இபுப்ரோஃபென், நாப்ரொக்சன், போன்ஸ்டான் போன்ற அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகள், உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் சுரப்பதைக் குறைத்துவிடுகின்றன. விளைவு, இணைப்பு வாயில் புண். அது இரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். ஆர்கோக்ஸியா வகை மருந்துகள் வயிற்றுக்குச் சற்று மென்மையானவை என்பது உண்மை. மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்டவர் அந்தத் துணிவில் அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

“மாத்திரை வேண்டாம், ஊசி போட்டுவிடுங்கள்” என்று கிளினிக்கில் கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். ஊசியாலும் தப்ப முடியாது. இம்மருந்துகள் இரத்தத்தில் கலந்த பிறகே இந்தத் தீங்கைச் செய்கின்றன. வாய்வழி போனாலும் பிட்டத்தின் வழி போனாலும் ஒன்றுதான். சிங்கப்பூரில் பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ அறுவையில் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் புதிய இணைப்பு எதுவும் இல்லாததால் இந்த வகைப் புண் வருவதில்லை. இருந்தும் பல மருத்துவர்கள் அவர்களையும் எச்சரிக்கிறார்கள். உங்களுக்கு எந்த அறுவை நடந்தது என்பதைக் குடும்ப மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் வழி? பெரும்பாலும் முதலில் வருவது கோல்சிசின். வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்பது அந்தக் காலத்து முறை. மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 மில்லிகிராம் அளவுக்குப் பலன் கிடைப்பதை 2010ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. அறுவை செய்துகொண்டவருக்கு இது இன்னும் முக்கியம்: வயிற்றுப்போக்கால் நீரிழப்பு, நீரிழப்பால் மேலும் கௌட். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் உண்டு. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழிக்கக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று கிளாரித்ரோமைசின். அது உடலிலிருந்து கோல்சிசின் வெளியேறுவதைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்து உட்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் இந்தக் கிருமிக்குச் சிகிச்சை பெறுவோர் பலர் என்பதால், மருந்துப் பட்டியலை ஒரே மருந்தாளர் முழுமையாகப் பார்ப்பது நல்லது.

கோல்சிசின் ஒத்துக்கொள்ளாதபோது, சில நாள்களுக்கு மட்டும் பிரெட்னிசோலோன் தரப்படலாம். அதனுடன் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்தும் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும். வீட்டில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூட்டுதான் என்றால் அந்த மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம். வயிற்றுக்குப் பெரிதாகத் தொல்லையில்லை. வலியைத் தணிக்கப் பனடோலும், துணியில் சுற்றிய பனிக்கட்டியும் துணைக்கு உண்டு. ஏற்கெனவே அலோபியூரினால் எடுப்பவர்கள் வலி வந்ததென்று அதை நிறுத்தக் கூடாது. யூரிக் அமிலத்தை லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைப்பதே அதன் வேலை.

உணவிலும் ஒரு வார்த்தை. தெம்பு வரட்டும் என்று உறவினர்கள் ஆட்டெலும்பு சூப்பும் இக்கான் பிலிஸ் சூப்பும் வைத்துக் கொடுப்பார்கள். கௌட்டைத் தூண்டும் பியூரின் அந்த நீரில்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் பருப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தாவரப் பியூரின்கள் கௌட் அபாயத்தைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. புரதம் அவசியமான இந்தக் காலத்தில் பருப்பு, தௌஹு, கொழுப்பு நீக்கிய பால் மூன்றுமே பொருத்தமானவை.

காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அது கௌட்டாக இல்லாமல் கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். மலம் தார்போல் கறுத்தாலோ, வயிற்றின் மேற்பகுதியில் கடும் வலி வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மூட்டுவலிக்கென்று இணையத்திலும் எல்லை தாண்டியும் வாங்கிவரும் ஜாமு, மூலிகைப் பொருள்கள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. அப்படி எதையாவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.