மரவள்ளிக்கு வந்த சீனி வருத்தம்

மருதனார்மடம் சந்தையில் மரவள்ளிக் கிழங்கு மலிவான சாமான். மண் ஒட்டியபடி குவித்திருப்பார்கள். பின்னேரம் அவித்து, கட்டச் சம்பலோடு தேத்தண்ணியும் வைத்துச் சாப்பிடுவது யாழ்ப்பாணக் குடாநாட்டு வழக்கம். அதே மரவள்ளிதான் இப்போது கறுத்த உருண்டையாகி, பிளாஸ்ரிக் கப்பின் அடியில் கிடக்கிறது. பருத்த ஸ்ரோவால் உறிஞ்சிச் சப்ப வேண்டும். பபிள் ரீ!

1980களில் தாய்வானில் பிறந்த இந்தப் பானம் கொழும்பைத் தாண்டி வடக்கையும் எட்டிவிட்டது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சாள்மாரிடம் ருசி பழகிய பெடியளுக்கு இது புதினமே இல்லை.

கிழங்கில் நார் உண்டு, விற்றமின் சி உண்டு. உருண்டையில் மிஞ்சுவது மாப்பொருள் மட்டுமே. அதை அவித்து, சிவப்புச் சீனிப் பாகில் ஊற விடுகிறார்கள். பிறகு அந்தப் பாகையே கப்பின் உட்சுவரில் வழிய விட்டு, குளிர்ந்த பாலை ஊற்றுகிறார்கள். புலிக்கோடு போல் இறங்கும் அந்தப் பழுப்புக் கோடுகளைத்தான் பிள்ளைகள் படம் பிடிக்கிறார்கள். பல கடைகளில் பாலுக்குப் பதில் பாமாயில் கலந்த கிறீமர் தூள். 2019இல் சிங்கப்பூரின் மவுண்ட் அல்வேர்னியா மருத்துவமனை கணக்குப் பார்த்தபோது, 500 மில்லிலீற்றர் சிவப்புச் சீனிப் பபிள் ரீயில் 18.5 தேக்கரண்டி சீனி இருந்தது. ஏறத்தாழ 90 கிராம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. உச்ச அளவை வைத்துப் பார்த்தாலும் ஒரே கப்பில் ஏறத்தாழ இரண்டு நாள் பங்கு தீர்ந்துவிடுகிறது.

செய்தியில் வருவதோ வேறு கதைகள். 2019இல் சீனாவில் ஒரு சிறுமியின் வயிற்றில் நூற்றுக்கு மேல் உருண்டைகள் தேங்கிக் கிடந்ததாகச் சொன்னார்கள். 2023 டிசெம்பரில் தாய்வானில் தண்ணீருக்குப் பதில் இதையும் இனிப்புப் பானங்களையுமே குடித்து வந்த இளம்பெண்ணின் சிறுநீரகத்திலிருந்து 300க்கு மேற்பட்ட கற்களை எடுத்தார்கள். உருண்டை மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம் என்று ஜெர்மனி 2012இலேயே எச்சரித்தது. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்பதில் மறுபேச்சில்லை. மற்றவை அபூர்வம். சீனி அப்படியல்ல. 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதமானோருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. சீனி வருத்தக்காரர் இல்லாத வீட்டை எங்கள் ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

'சீனியைக் குறைத்துக் கேட்டால் குறைத்துத் தருவோமே' என்பது விற்பவர்களின் பதில். தேத்தண்ணியில் நல்ல சத்தும் உண்டு என்பார்கள். இருக்கட்டும். குறைவது பானத்துக்குள் ஊற்றும் சீனி. உருண்டை ஏற்கெனவே ஊறிய பாகை யார் குறைப்பது?

என் கவலை அதைவிடப் பெரியது. 2016 ஓகஸ்ற் முதல் இலங்கையில் போத்தலில் விற்கும் மென்பானங்களுக்கு நிறக்குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமிலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் அந்தச் சிவப்பு விளங்கும். மேலே சொன்ன சிங்கப்பூர்க் கப்பைப் போத்தலில் அடைத்தால் 100 மில்லிலீற்றருக்கு 18 கிராம், சிவப்பேதான். ஆனால் கண்ணெதிரே கலந்து தரும் கப்பில் நிறமும் இல்லை, எண்ணும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்கு ஓடும் பிள்ளை, இடையில் கிடைக்கும் அரைமணித்தியாலத்தில் இதைக் குடித்துவிட்டு, இரவு 'பசிக்கேல்லை அம்மா' என்று புட்டைத் தள்ளி வைக்கிறது. ஏன் பசிக்கவில்லை என்று கண்டுபிடிக்கத் தாயிடம் ஒரு துப்பும் இல்லை. எங்கள் நெல்லி ரசத்திலும் சீனி உண்டுதான். போத்தலில் வந்தால் அதன் நிறக்குறியைப் பார்த்தாவது ஊற்றலாம்.

இது தீர்க்க முடியாத சிக்கலல்ல. சிங்கப்பூரில் 2022 டிசெம்பர் 30 முதல் அடைத்த பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, கடையில் கலக்கும் பானங்களுக்கும் அதை நீட்டினார்கள். சி, டி தரப் பானங்களென்றால் விலைப்பட்டியலிலேயே தரமும் சீனி அளவும் நிற்க வேண்டும். உருண்டை போன்ற மேற்சேர்க்கையின் சீனியைத் தனியாகக் காட்ட வேண்டும். மிகச் சிறிய கடைகளுக்கு அங்கே விலக்கு உண்டு. எங்கள் கடைகள் பெரும்பாலும் சிறியவை என்பதால் இங்கே அந்த விலக்கை வைத்தால் சட்டமே வெறும் கடதாசியாகிவிடும்.

அதுவரை பிள்ளைக்குச் சின்னக் கப், கிழமைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், உருண்டை பாதி போதும். காசு கொடுக்கும் முன் 'இதற்குள் எத்தனை கரண்டி சீனி?' என்று சத்தமாகவே கேளுங்கள். கேட்டவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும் பதிலைக் கேட்பார். அந்தப் பதிலை எழுதி ஒட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் பயந்தால், எழுதி ஒட்ட வேண்டிய அவசியத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.